சரணாலயங்களில் பார்வையாளர் மையம்: எங்கள் நிலைப்பாடு

சரணாலயத்தில் பார்வையாளர் மையம் கட்டும் திட்டம் வந்தாலே ‘இயற்கையைத் தழுவிய வடிவமைப்பு’ என்ற வாசகமும் கூடவே வருகிறது. வரைபடத்தைப் பிரித்தால் யானை வடிவ வாசல், சிறகு விரித்த கூரை, மரப்பட்டை நிறம் பூசிய சிமென்ட் தூண். (நம் பூங்காக்களில் வாய் திறந்து குப்பை கேட்கும் பென்குயின் இவற்றுக்கு மூத்த உறவு.) இத்தகைய திட்டங்களை எங்கள் அமைப்பு ஆதரிக்காது. அந்தந்த இடத்தின் மழைக்கும் வெயிலுக்கும் மண்ணுக்கும் ஏற்ற கட்டடம், அங்கே ஏற்கெனவே இருக்கும் அறிவைச் சொல்லித்தரும் கட்டடம், அதுவே எங்கள் கோரிக்கை. வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தை வைத்து இதை விளக்குகிறோம்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் அந்த ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். அதற்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், வக்கா என்று பல இனங்கள் நெருக்கியடித்துக் கூடு கட்டுகின்றன. எச்சம் கலந்த தண்ணீர் மடை வழியே வயலுக்குப் போய் நெல்லுக்கு உரமாகிறது. ஊர்க்காரர்களுக்கு இது பரம்பரைக் கணக்கு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேசிடம் முறையிட்டுக் கவுல் (எழுத்துமூல உறுதி) எழுதி வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கல் சேர்ந்தது 2022இல்தான். ஆகவே இங்கே அமையும் மையத்தின் முதல் அறை மடைக்கும் கவுலுக்கும் உரியது. உலகப் பறவைகளின் வண்ணப்படங்கள் பிறகு வரட்டும். வராமலே போனாலும் நஷ்டமில்லை.

ஏரிக்கரை மேல் புதுக் கட்டடம் கூடவே கூடாது. மையம் ஊர்ப்பக்கம் இருக்கட்டும். அங்கிருந்து கரைக்கு நடந்து போகட்டும். பயன்படாமல் கிடக்கும் பழைய கட்டடம் ஏதும் ஊரில் இருந்தால் அதைச் செப்பனிடுவதே முதல் தேர்வு. புதிதாகக் கட்டியே ஆகவேண்டும் என்றால் சுண்ணாம்புப் பூச்சு, நாட்டு ஓடு, பனஞ்சட்டம், சவுக்குக் கழி போன்றவை கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. உள்ளூர்க் கொத்தனாரால் பழுதுபார்க்க முடியாத எதையும் நாங்கள் நீடித்த கட்டடம் என்று ஏற்பதில்லை.

இயற்கையிடமிருந்து கற்ற கட்டடத்துக்கு உதாரணம் கேட்டால் ஜிம்பாப்வேயின் ஹராரே நகரத்து ஈஸ்ட்கேட் கட்டடத்தைக் காட்டுவார்கள். கறையான் புற்றைப் பார்த்து மிக் பியர்ஸ் வடிவமைத்தது, 1996இல் திறந்தது. வழக்கமான ஏசி இல்லாமல் இயங்குகிறது. புற்றுக்குள் காற்று அப்படியொன்றும் ஓடுவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லின. கட்டடம் குளிர்ந்திருப்பதன் காரணம் வேறு: ஹராரே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே இரவு குளிரும், அந்தக் குளிரைக் கனத்த கட்டுமானம் பகலுக்குச் சேமித்து வைக்கிறது. செங்கல்பட்டின் புழுக்கமான இரவில் சேமிக்க என்ன இருக்கிறது? இங்கே வேண்டியது எதிரெதிர் ஜன்னல், உயர்ந்த கூரை, மேற்கே ஆழமான தாழ்வாரம், சாரல் உள்ளே வராத இறவாரம். பார்வையாளர் பெரும்பாலும் வருவது நவம்பர் முதல் மார்ச் வரை. அந்த மாதங்களுக்கு ஏசி மண்டபம் வீண் செலவு.

கண்ணாடிச் சுவர் வைத்துத்தான் பறவையைக் காட்ட வேண்டும் என்பதில்லை. வானமும் மரமும் கண்ணாடியில் தெரியும்போது பறவை அதையும் வழி என்றே நினைத்து வந்து மோதுகிறது. தவிர்க்க முடியாத இடத்தில், கண்ணாடியின் வெளிப்புறத்தில் 5 சென்டிமீட்டர் இடைவெளிக்குள் புள்ளிகள் பதிக்க வேண்டும். ஏரியை நோக்கிய விளக்குகள் இருட்டியதும் அணைய வேண்டும். வக்கா இரை தேடக் கிளம்பும் நேரம் அது. ஒலிபெருக்கி எப்போதும் வேண்டாம். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசையே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். மையம் ஒரு ஜெனரேட்டரையாவது விட்டுக்கொடுக்கலாம்.

உள்ளே என்ன வைப்பது? தொடுதிரை இரண்டு பருவமழையைத் தாங்குவதே பெரிது. அதற்குப் பதில் ஒரு மேசையில் வயல் நத்தையின் வெற்று ஓடுகளைக் குவித்து வையுங்கள். பக்கத்திலேயே நத்தை குத்தி நாரையின் அலகு, அதே அளவில் மரத்தில் செய்தது. மூடினாலும் நடுவில் இடைவெளி விடும் அலகு. பிள்ளைகள் கையில் எடுத்து, ஓட்டை உடைக்காமல் உள்ளே இருப்பதை எப்படி இழுத்திருக்கும் என்று தாங்களே யோசிக்கட்டும். விளக்கிச் சொல்பவர் அந்த வயலில் நடவு நட்டவராக இருந்தால் நத்தையைப் பற்றி அவரிடம் இன்னும் நாலு சேதி இருக்கும். மழை பொய்த்து ஏரி வறண்ட ஆண்டில் பறவை வராது. அப்போது மையத்தைப் பூட்டுவது தவறு. ஏன் வரவில்லை என்று காட்ட வெறும் ஏரியைவிட நல்ல சாட்சி கிடையாது.

கடைசியாகப் பணம். கட்டுமானத்துக்குக் கோடிகள் ஒதுக்குவார்கள், வழிகாட்டியின் சம்பளத்துக்குத் தலைப்பே இருக்காது. திறப்பு விழாக் கல்வெட்டு பளபளக்க, கழிப்பறை பூட்டிக் கிடக்கும் மையங்கள் நம் எல்லோருக்கும் தெரிந்தவை. பத்து ஆண்டுப் பராமரிப்புக்கும் உள்ளூர் வழிகாட்டிகளின் ஊதியத்துக்கும் நிதி உறுதியான பிறகே டெண்டர் விட வேண்டும். அதற்கு முன் வரைபடம் தமிழில் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். கூடு கட்டும் பருவத்தில் கட்டுமான வேலை நடக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று விடுபட்டாலும் அந்தத் திட்டத்துக்கு எங்கள் ஆலோசகர்களையோ தன்னார்வலர்களையோ அனுப்ப மாட்டோம். விளம்பரத்தில் எங்கள் பெயரைச் சேர்க்கவும் அனுமதிக்க மாட்டோம்.