மேடு, பள்ளம், வடிகால்

மேடும் பள்ளமுமாகப் போய், இரு முனையிலும் சாய்ந்த கரையில் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் ஒரு மண்பாதை. அதில் பெடலை மிதிக்காமலே சைக்கிளைச் சுற்றிச் சுற்றி ஓட்டலாம். பம்ப் டிராக் என்பது இவ்வளவுதான். பிள்ளைகள் கைப்பேசியில் இதன் வீடியோவைப் பார்த்துவிட்டு, வீட்டுக் கொல்லையில் ஒன்று வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெற்றோருக்கு உடனே இரண்டு சந்தேகங்கள் வருகின்றன. கை கால் உடையும் சாகச விளையாட்டோ என்பது ஒன்று. கான்கிரீட், தார் என்று லட்சக்கணக்கில் செலவு இழுக்குமோ என்பது இன்னொன்று. மதுரையைப் பொறுத்தவரை கவலைப்பட வேண்டியவை இந்த இரண்டுமே அல்ல. கவலை மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது.

முதலில், மிதிக்காமல் வண்டி எப்படி ஓடுகிறது? ஊஞ்சலில் நின்று ஆடிய எவருக்கும் இதன் விடை உடம்பிலேயே இருக்கிறது. பள்ளத்தின் அடியில் வண்டி வளைந்து மேலேறும்போது உடல் கனத்தது போல இருக்கும். அந்த நேரத்தில் முழங்காலையும் முழங்கையையும் நிமிர்த்தி வண்டியைக் கீழே அழுத்துகிறோம். மேட்டு உச்சியில் உடல் லேசாகி மிதப்பது போல இருக்கும். அப்போது கை கால்களை மடக்கி, வண்டியை நம்மை நோக்கி எழும்ப விடுகிறோம். கனத்த நேரத்தில் எழும்பச் செலவழித்த உழைப்பு அதிகம். லேசான நேரத்தில் தாழும்போது திரும்பிப் போவது குறைவு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வேகமாகச் சேர்கிறது. ஆக, வண்டி தரையை விட்டு எழும்பத் தேவையே இல்லை. சக்கரம் இரண்டும் மண்ணில் ஒட்டியிருக்கும்போதுதான் இந்தக் கணக்கு நன்றாக வேலை செய்யும். பறக்கிற வண்டி அழுத்த முடியாத வண்டி.

1970-களில் கலிஃபோர்னியச் சிறுவர்கள் மண்மேடுகளில் சின்னச் சைக்கிள்களை ஓட்டி விளையாடியதிலிருந்து பி.எம்.எக்ஸ். என்ற சைக்கிள் பந்தயம் பிறந்தது; 2008 பெய்ஜிங்கில் அது ஒலிம்பிக் போட்டியாகவும் ஆனது. பம்ப் டிராக் அந்தக் குடும்பத்தின் இளைய பிள்ளை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவியது. 2018-இல் இதற்கென்று ஓர் உலகப் போட்டியே தொடங்கி, முதல் இறுதிச் சுற்று அமெரிக்காவின் ஸ்பிரிங்டேலில் நடந்தது. போட்டிப் பாதைகள் தாரில் இருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் செலவைக் கண்டு மலைக்கிறோம். சித்திரை வெயிலில் தார்ப்பாதையில் விழுந்த பிள்ளையின் முழங்கையை நினைத்துப் பார்த்தால், வீட்டுக்கு மண்ணே போதும் என்று எவரும் ஒத்துக்கொள்வார்கள்.

நம் ஊருக்கு இது முற்றிலும் அந்நியமும் அல்ல. திடலில் வட்டம் போட்டு, மூன்று நாள், ஐந்து நாள் என்று இறங்காமல் சைக்கிள் ஓட்டிய சாகசக்காரர்களை மதுரைப் பக்கத்து ஊர்களில் பெரியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எங்கும் போய்ச் சேராத சைக்கிள் ஓட்டத்தை ஊரே கூடிப் பார்த்திருக்கிறது.

அளவுகளுக்கு வருவோம். பாதை கட்டுகிறவர்கள் கைக்கொள்ளும் வழக்கமான விகிதம் ஒன்றுக்குப் பத்து. மேடு ஓர் அடி உயரம் என்றால், ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையே பத்தடி. இதைவிட நெருக்கினால் வண்டி குதிக்கத் தொடங்கும். தள்ளிப்போட்டால் நடுவில் வேகம் செத்துவிடும். திருப்பத்தின் ஆரம் எட்டிலிருந்து பத்தடி, வளைவுக் கரையின் உயரம் மூன்றடி. நேர்ப்பகுதி 35 அடியில் இரண்டு, அவற்றில் மும்மூன்று மேடுகள், இரு முனையிலும் ஒவ்வொரு வளைவு என்று வைத்தால் 65-க்கு 30 அடி இடம் பிடிக்கும். சுற்றிலும் விட வேண்டிய இடைவெளியைச் சேர்த்து ஆறு சென்ட். மாசி வீதி, வெளி வீதிகளுக்குள் குடியிருப்பவர்களுக்கு இது கனவு. ஒத்தக்கடை, நாகமலை புதுக்கோட்டை, அழகர்கோவில் சாலைப் பக்கம் பிளாட் வாங்கி ஒரு பகுதியில் மட்டும் வீடு கட்டியவர்களுக்குச் சாத்தியம். ஒரு சென்ட்தான் இருக்கிறது என்றால் முக்காலடி உயரத்தில் நேர்கோடாக நான்கு மேடு போடலாம். சிறு பிள்ளைகள் ஒரு வருஷம் அதிலேயே பழகுவார்கள்.

மேலே சொன்ன பெரிய பாதையின் மேடுகளுக்கும் கரைகளுக்கும் மட்டும் எட்டிலிருந்து பத்து யூனிட் மண் பிடிக்கும். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. டிராக்டர் டிரெய்லரில் ஏறத்தாழ ஒரு யூனிட் வரும். மேடுகளுக்கு ஆகிற மண் கொஞ்சம்தான். முக்கால்வாசியை வளைவுக் கரைகளே விழுங்கிவிடும். இதைத் தெரியாமல் மூன்று யூனிட் இறக்கிவிட்டு, அது போதாமல் கரையைக் குட்டையாக நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கிறது. குட்டைக் கரையில் வேகமாக வருகிற பிள்ளை வெளியே விழும். மண் குறைந்தால் மேட்டின் எண்ணிக்கையைக் குறையுங்கள், கரையின் உயரத்தில் கை வைக்காதீர்கள்.

வெளிநாட்டு வரைபடங்கள் எல்லாம் ஒரு சிக்கன யோசனை சொல்லும்: பள்ளத்தைத் தோண்டு, தோண்டிய மண்ணால் மேட்டைக் கட்டு. பாதி மண் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் நம் சமவெளியில் இது ஒத்துவராது. மதுரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை. எண்ணிக்கையில் பெரிதில்லை, பெய்கிற விதம்தான் சிக்கல். ஏறக்குறைய பாதி மழை வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில மாலைகளில் மொத்தமாகக் கொட்டிவிடும். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பத்து சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்து, செல்லூர்ப் பகுதியும் பந்தல்குடி கால்வாயை ஒட்டிய தெருக்களும் வெள்ளக்காடானதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு மழை ஆறு சென்ட் நிலத்தில் விழுந்தால் 24,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி இரண்டைக் கொண்டுவந்து கொல்லையில் திறந்துவிட்ட மாதிரி. தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய ஒவ்வொரு பள்ளமும் அன்றே குட்டையாகும். ஒரு வாரத்தில் கொசு பிறக்கும்.

ஆகவே தோண்டாதீர்கள். மாறாக, முதலில் மொத்த இடத்தையும் நாலைந்து அங்குலம் உயர்த்தி, ஒரு பக்கமாக வாட்டம் கொடுத்துத் திமிசுக் கட்டையால் இறுக்கிவிட்டு, அதன் மேல்தான் மேடுகளைக் கட்ட வேண்டும். பள்ளத்தின் அடிகூட வெளித்தரையை விட உயரத்தில் இருக்கும். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் மட்டம் போதும், வாட்டம் பார்த்துவிடலாம். வளைவுக் கரை உட்பக்கம் சாய்வதால், மழைநீர் முழுவதும் சுற்றுக்கு நடுவில் வந்து தேங்கும். அங்கிருந்து தண்ணீர் வெளியேற, பாதைக்கு அடியில் நாலு அங்குலக் குழாய் ஒன்றைக் கட்டும்போதே புதைத்துவிட வேண்டும். கண்மாய் வெட்டிய நம் முன்னோர் கரையைப் பற்றி யோசிக்கும்போதே மடையையும் கலிங்கையும் சேர்த்து யோசித்தார்கள். கரை கட்டி முடித்த பிறகு வழி தேடினால், தண்ணீர் தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும். தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழி வீட்டில் உயிரோடு இருந்தால் குழாயை அதற்கே விடலாம். இடையில் ஒரு சின்ன வண்டல் தொட்டி வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பருவத்தில் குழி தூர்ந்துவிடும்.

சுற்றிலும் இடைவெளி என்று சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் காம்பவுண்டுச் சுவர். சுவரை ஒட்டி மண்ணைக் குவித்து வளைவுக் கரையாக்கினால் பாதி மண் மிச்சம் என்று எல்லோருக்கும் தோன்றும். செய்யவே கூடாது. சாதாரணக் காம்பவுண்டுச் சுவர் தன் எடையைத் தாங்கி நிற்கத்தான் கட்டப்படுகிறது. பக்கவாட்டில் ஈரமண் தள்ளுவதைத் தாங்க அல்ல. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் ஒரு சுற்றுச்சுவர் விழுந்து 17 பேர் இறந்தார்கள். மழைக்காலத்துச் சுவர் என்பது விளையாட்டல்ல. கரையின் அடிக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடி விடுங்கள். ஆள் நடந்துபோய்ப் புல் வெட்டவும் அது உதவும்.

எந்த மண்? இங்கேதான் மதுரை மாவட்டம் ஒரே மாவட்டமாக இல்லை. மேலூர், அழகர்கோவில் பக்கம் செம்மண். சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் வைகை கொண்டுவந்த வண்டல். திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல். பருத்திக்கு அருமையான கரிசல், பாதைக்குப் பகை. ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கிக் கைவிரல் நுழையும் அளவு வெடிக்கும். முன்சக்கரம் வெடிப்பில் மாட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கரிசல் தரையில் வீடு கட்டியவர்கள் மேல்மண்ணுக்காவது செம்மண் வாங்கத்தான் வேண்டும். வெறும் மணல் நிற்காது, வெறும் களிமண் வழுக்கும். மணலோடு கொஞ்சம் களி கலந்த செம்மண்தான் பதம்.

சோதிப்பது எளிது. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் அடியில் படிவது மணல். சில மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். மறுநாள் வரை கலங்கி நின்று கடைசியில் படிவது களி. களி ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் நல்லது. பழைய டென்னிஸ் மைதானங்களுக்குப் புற்றுமண் போட்டது இந்த ஒட்டும் குணத்துக்காகத்தான். அதைக் கேள்விப்பட்டு யாரும் புற்றை உடைக்கக் கிளம்ப வேண்டாம். சாமி கும்பிடுகிறவர்களும் உள்ளே இருப்பவரும் ஒருசேரக் கோபித்துக்கொள்வார்கள்.

மண் வாங்குவதிலும் ஒரு தெளிவு தேவை. கண்மாயில் வண்டலும் கரம்பையும் இலவசமாக அள்ள அரசு தரும் அனுமதி விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்குமானது. கொல்லையில் விளையாட அது பொருந்தாது. கிராவலும் செம்மண்ணும் 1959-ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகளுக்குள் வருகின்றன. ராத்திரியில் மலிவாக இறக்கித் தருகிறேன் என்பவரிடம் வாங்காமல், நடைச்சீட்டும் பில்லும் காட்டுபவரிடம் வாங்குங்கள். பக்கத்தில் யாராவது வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினால் அந்த மண்ணைக் கேட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

இறுக்குவதில்தான் பாதையின் ஆயுள் இருக்கிறது. ஐந்து அங்குலம் மண் பரப்பு, தண்ணீர் தெளி, திமிசு போடு. மறுபடி ஐந்து அங்குலம். மொத்தமாகக் குவித்துவிட்டு மேலே மட்டும் தட்டினால் ஒரு மாதத்தில் உள்ளே அமுங்கி உருக்குலையும். ஈரம் சரியா என்று அறிய, ஒரு பிடி மண்ணை அமுக்கி உருண்டையாக்கி மார்பளவு உயரத்திலிருந்து விடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம். பொடியாகச் சிதறினால் தண்ணீர் போதாது. சப்பென்று ஒட்டினால் அதிகம், மறுநாள் வரை காய விடுங்கள். ஜே.சி.பி. வைத்தால் மண்ணை இடம் மாற்றுவது அரை நாளில் முடியும். மேட்டின் வடிவத்தை மட்டும் மம்பட்டியாலும் கையாலும்தான் கொண்டுவர முடியும். பிள்ளைகளையும் இறக்கிவிடுங்கள், தன் கையால் தட்டிய மேட்டை எந்தப் பிள்ளையும் வேண்டுமென்று சிதைக்காது.

வேலையைத் தையில் தொடங்குவது உத்தமம். நிலத்தில் மழை ஈரம் மிச்சம் இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. சித்திரைத் திருவிழா முடிந்து பள்ளி விடுமுறை களைகட்டும்போது பாதை நன்றாக இறுகியிருக்கும். கோடையில் எதிரி புழுதி. சாயங்காலம் துணி அலசிய தண்ணீரைத் தெளித்தாலே அடங்கும். வாரம் ஒருமுறை நீர்த்த சாணிக் கரைசல் தெளித்தால் மேல்பரப்பு பிடித்துக்கொள்ளும், ஆனால் அடுத்த பெருமழை வரைதான். கரைகளின் வெளிச்சரிவில் அருகம்புல் பதியுங்கள்; ஓடுபாதையில் முளைப்பதை மட்டும் பிடுங்கினால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் பாதை ஈரமாக இருக்கும் நாட்களில் யாரும் ஏறக்கூடாது. ஒரே சாயங்கால ஓட்டம் ஒரு மாத வேலையைச் சக்கரத் தடமாக்கிவிடும்.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இருபது அங்குலச் சக்கரம், கியர் இல்லாதது, பிரேக் பிடிப்பது. சீட்டை முடிந்தவரை இறக்குங்கள், ஏனெனில் உட்காரப்போவதில்லை. ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டைக் கழற்றிவிடுங்கள். ஹாண்டில் முனைகளில் உறை இல்லாத வண்டியை ஏற்றாதீர்கள். விழும்போது வயிற்றில் குத்துவது அந்த வெறுங்குழாய்தான். பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி பள்ளிக்குப் போய்வர நல்ல வண்டி; இந்த வேலைக்குக் கனமும் நீளமும் அதிகம். ஹெல்மெட், முழுக்கால் சட்டை, ஷூ கட்டாயம். முதல் வாரம் பெடல் இரண்டையும் தரைக்கு இணையாக நிறுத்தி, நின்றபடி உருள மட்டும் பழகட்டும். அழுத்துவது தானாக வரும். குரங்குப் பெடல் போட்டு வளர்ந்த தலைமுறைக்கு இந்த நின்றநிலைச் சமநிலை புதிதில்லை. அப்பாக்களும் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம், இடுப்பு சம்மதித்தால்.

கடைசியாக ஒன்று. மண்மேடு இருக்கும் இடத்தில் எலி வளை தோண்டும். எலி இருந்தால் பாம்பு வரும். வளை தெரிந்த அன்றே இடித்து இறுக்கிவிடுங்கள். மழைக்குத் தார்ப்பாய் போர்த்தியிருந்தால், அதைக் காலையில் பெரியவர்கள்தான் கம்பால் புரட்ட வேண்டும், பிள்ளைகள் கையால் இழுக்கக் கூடாது. இருட்டிய பிறகு பாதையில் ஆள் நடமாட்டம் வேண்டாம். பிள்ளைகள் வளர்ந்து பாதையை மறந்துவிட்டால், கரையைச் சரித்து மண்ணைப் பரப்பி வாழையோ முருங்கையோ வைத்துக்கொள்ளலாம். கான்கிரீட் போட்டிருந்தால் அதை உடைத்துக் கொட்டவும் ஒரு லாரி வாடகை ஆகியிருக்கும்.