மிஸ்டு காலுக்கும் சாட்சி உண்டு!

மிஸ்டு கால் கொடுக்காத கை உண்டா மக்களே? சாயல்குடிக்குப் பக்கத்துல, கடலோரமா இருக்கிற மாரியூரையே எடுத்துக்குங்க. கரைக்கு வந்த படகுக்காரர் வீட்டுக்கு ரெண்டு ரிங் விட்டு கட் பண்றார்னு வெச்சுக்குவோம். 'வந்தாச்சு, உலையை வை'ன்னு அர்த்தம். பேச்சும் இல்லை, காசும் இல்லை. ஆனா, அந்த ரெண்டு ரிங்கையும் ஒரு கார்டு கமுக்கமா குறிச்சு வெச்சிருக்கலாம்!

எப்படிங்கிறீங்களா? நம்ம குரல் போற பாதை வேற, 'இந்த நம்பர் அந்த நம்பரைக் கூப்பிடுது'ங்கிற தகவல் போற பாதை வேற. 2ஜி, 3ஜி எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவுல இந்தத் தகவலைச் சுமக்கிற முறைக்கு எஸ்.எஸ்.7-னு பேர். இ1-ங்கிற லைன்ல 64 கிலோபிட் வேகத்துல 32 ஸ்லாட். அதுல ஒண்ணு, பெரும்பாலும் 16-வது, சிக்னலுக்கு.

முதல்ல 'ஐ.ஏ.எம்.' கிளம்பும். அதான் அழைப்பு. அந்தப் பக்கம் மணி அடிச்சா 'ஏ.சி.எம்.' வரும். எடுத்தாத்தான் 'ஏ.என்.எம்.'. மீட்டர் ஓட ஆரம்பிக்கிறது அங்கேதான். நம்ம ஆளு அதுக்கு முன்னாடியே கட் பண்றதால நேரா 'ஆர்.இ.எல்.'. கதை முடிஞ்சது.

இதைக் கவனிக்கச் சாதாரண இ1 கார்டை லைன்ல இணையா மாட்டினா வம்பு. 120 ஓம் லைன்ல இன்னொரு 120 ஓம் உட்கார்ந்தா, சிக்னல் இளைச்சு லிங்க்கே படுத்துடலாம். அதனால மானிட்டரிங் கார்டுக்கு உள்ளீட்டுத் தடை பல மடங்கு அதிகம். துளி மின்னோட்டம்தான் எடுக்கும். வாயே திறக்காது, காது மட்டும்தான். அதுவும் ரெண்டு காது! போறதுக்கு ஒரு ரிசீவர், வர்றதுக்கு ஒண்ணு. இல்லேன்னா கேள்வி இருக்கும், பதில் இருக்காது. இன்னொரு கூத்து, செய்தி எதுவும் இல்லாதப்பவும் லிங்க் சும்மா இருக்காது. 'ஃபிசு'ங்கிற வெற்றுச் செய்தியை 'இருக்கேன், இருக்கேன்'னு அனுப்பிக்கிட்டே இருக்கும் (ஹாஸ்டல் ரூம்மேட் ஞாபகம் வருதா?). கார்டு அதை வடிகட்டிடும்.

நல்ல காரியத்துக்குத்தான் இந்தக் கார்டு. ஆர்.இ.எல்.லுக்குள்ள ஒரு காரண எண் இருக்கும். 17-னா பிஸி, 34-னா காலி சர்க்யூட் இல்லை. ஒரு ஊர்ப் பக்கத்துக் கால்கள்ல 34 குவிஞ்சா, 'உங்க செட்டு சரியில்லை'ன்னு யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

ஆனா, யார், யாரை, எத்தனை மணிக்குன்னு ஒரு மாசப் பதிவு கையில இருந்தா, எந்தப் படகு எப்போ கரை சேரும்னு வீட்டம்மாவுக்கு முன்னாடியே சொல்லிடலாமே! போன் பேச்சு அந்தரங்க உரிமைக்குள்ள வரும்னு 1996-ல பி.யு.சி.எல். வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஒட்டுக்கேட்கணும்னா உள்துறைச் செயலாளர் மட்டத்துல உத்தரவு வேணும்னும் சொன்னது. என்னைக் கேட்டா, பேசாம கட் பண்ணின அந்த ரெண்டு ரிங்கும் அதே அளவுக்கு அந்தரங்கம்தான் பாஸ்.

4ஜி வோல்ட்இ கால்ல எஸ்.எஸ்.7 இடத்துல 'சிப்' உட்கார்ந்திருக்கு. எடுக்கறதுக்குள்ள கட் பண்ணினா அங்கே போற செய்திக்குப் பேரு 'கேன்சல்'. அதைப் பிடிக்க இ1 கார்டுகூட வேண்டாம்.