நூல் மூட்டை சொல்லும் பாடம்

கோடை விடுமுறையில் வங்கிப் பயிற்சிக்கு வரும் மாணவர்களைத் தொழிற்கூடங்களுக்கு அழைத்துப் போக வேண்டும். என் அண்ணன் மகள் ஈரோட்டில் ஒரு வங்கிக் கிளையில் பயிற்சி பெற்றாள். முதல் மூன்று வாரம் கேஒய்சி படிவங்களை அடுக்கியதோடு சரி. நான்காவது வாரம் மேலாளர் அவளைச் சரக்கு ஆய்வுக்காக ஒரு விசைத்தறிக்கூடத்துக்குக் கூட்டிச் சென்றார். சிறு தொழிலுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 சதவீதத்தை நடைமுறை மூலதனக் கடனாகத் தரவேண்டும் என்ற கணக்கு அவளுக்கு மனப்பாடம். ஆனால் கிடங்கில் நூல் மூட்டைகளை எண்ணியபோதுதான், விற்ற துணிக்குப் பணம் வரத் தாமதமானால் வாரக்கூலிக்கு என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழுந்தது. நிலுவை 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். அந்த 90 நாளில் ஒரு முதலாளியும் தொழிலாளிகளும் படும் பாடு எந்தப் பாடநூலில் இருக்கிறது? 1904இல் கும்பகோணத்திலும் 1916இல் கரூரிலும் 1921இல் தூத்துக்குடியிலும் வங்கிகளைத் தொடங்கியவர்கள் தங்கள் ஊரின் வணிகத்தை நேரில் அறிந்தவர்கள். கடன் தகுதிக்குக் கணினி மதிப்பெண் போடும் இக்காலத்தில் அந்த நேரடி அறிவு இன்னும் அதிகமாகத் தேவை. அதைக் கற்றுத்தரக் கிடைக்கும் இரண்டு மாதத்தை நகல் எடுக்கும் வேலையில் கரைத்துவிடக் கூடாது.