ஸ்னூப்பியின் அப்பாவும் என் அப்பாவும்

காலை நிகழ்ச்சியில் ஐந்து நிமிடம் ஒரு கதை சொல்வது என் வழக்கம். போன மாதம் ஒரு நாள் ஸ்னூப்பியைப் பற்றிச் சொல்லலாம் என்று குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். பென்சில் பெட்டி, தண்ணீர்ப் புட்டி, தலையணை உறை என்று நம் வீட்டுப் பிள்ளைகளின் பொருள்களில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த வெள்ளை நாய்தான். அதை உருவாக்கிய சார்லஸ் ஷுல்ஸின் கார்ட்டூன்களைப் பற்றிப் படிக்கப் போனவள், அவருடைய ஐஸ் ஹாக்கியில் போய் மாட்டிக்கொண்டேன். வானொலியில் சொன்னது ஐந்து நிமிடம். மீதி இங்கே.

ஷுல்ஸ் 1922இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். குளிர்காலத்தில் ஏரிகளே உறைந்துபோகும் ஊர். நம் பிள்ளைகள் புளோக் வீட்டு நடைபாதையில் பந்து உதைப்பதைப் போல அங்கே பிள்ளைகள் உறைந்த நீர்மேல் ஹாக்கி ஆடுவார்கள். அவருடைய அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. விளையாட ஆள் இல்லாதபோது வீட்டின் நிலவறையில் பாட்டியைக் கையில் துடைப்பத்தோடு கோல்கீப்பராக நிற்க வைத்து, டென்னிஸ் பந்தை அவர்மேல் அடிப்பாராம். பாட்டியும் நன்றாகவே தடுப்பாராம். எங்கள் ஆயாவிடம் துடைப்பத்தைக் கொடுத்திருந்தால் பந்தை விட்டுவிட்டு என்னைத்தான் அடித்திருப்பார்.

1958இல் ஷுல்ஸ் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். அவர்கள் பிறகு வாழ்ந்த சாந்தா ரோசா திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். அங்கே ஏரி உறைவதெல்லாம் கிடையாது. ஊரில் இருந்த ஒரே பனித்தளமும் மூடப்பட்டது. அதற்குள் அவர் பெயரும் வருமானமும் உள்ள மனிதர் ஆகியிருந்தார். அவரும் மனைவி ஜாய்ஸும் சேர்ந்து சொந்தமாக ஒரு பனித்தளமே கட்டினார்கள். 1969இல் திறக்கப்பட்ட அதன் பெயர் ரெட்வுட் எம்பையர் ஐஸ் அரீனா. உள்ளே 'வார்ம் பப்பி கஃபே' என்று ஓர் உணவகம். ஷுல்ஸின் காலைச் சிற்றுண்டி அங்கேதான். பக்கத்திலேயே அவர் வரையும் கூடம். நடந்தே போய்விடலாம்.

இது பணக்காரரின் ஆடம்பரம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவரைப் பற்றி மேலும் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை. ஷுல்ஸ் கூச்ச சுபாவம் உள்ளவர். பயணம் பிடிக்காது. உலகமே கொண்டாடியபோதும் காரணம் தெரியாத சோகம் அவரை விட்டுப் போகவில்லை. சார்லி பிரவுன் என்ற பையனின் தயக்கமெல்லாம் அவருடையதுதான். அப்படிப்பட்டவர் நண்பர்களைத் தேடிப் போக மாட்டார். ஆனால் நண்பர்கள் வந்து போகும் இடத்தைத் தன் அறைக்குப் பக்கத்திலேயே கட்டிக்கொண்டார். வாரம் தவறாமல் வயதான நண்பர்களோடு மட்டையைத் தூக்கிக்கொண்டு பனியில் இறங்கினார்.

ஐஸ் ஹாக்கி நமக்குப் புதிது. 2017இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் அது இருந்தது என்பதையே பலர் மறந்திருப்போம். சன்வே பிரமிட் பனித்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்ததுதான் என் அனுபவம். அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஓர் அணிக்குக் கோல்கீப்பரோடு சேர்த்துக் களத்தில் ஆறு பேர். பந்து கிடையாது. 'பக்' என்ற தட்டையான, கெட்டியான கறுப்பு ரப்பர் வில்லை. அது துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக, பெரிய ஆட்டங்களில் முன்கூட்டியே உறைய வைத்துவிடுவார்கள். வேகம் அதிகம் என்பதால் யாரும் தொடர்ந்து ஆடுவதில்லை. ஒரு நிமிடம் போல ஆடிவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்காருவார்கள். அடுத்தவர் உள்ளே போவார். ஆக, ஆட்டத்தில் பாதி நேரம் நண்பர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதுதான். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அதுவே.

தொலைக்காட்சியில் பார்க்கும் ஐஸ் ஹாக்கியில் ஆளை ஆள் மோதித் தள்ளுவார்கள். பெரியவர்கள் பொழுதுபோக்காக ஆடும் ஆட்டத்தில் அதற்கு இடமில்லை. திங்கட்கிழமை எல்லாரும் வேலைக்குப் போக வேண்டுமே! பனித்தளத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மாலை நேரமெல்லாம் பிள்ளைகளின் பயிற்சிக்குப் போய்விடுவதால் பெரியவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பின்னிரவுதான். கோல்கீப்பர் கிடைப்பது அரிது. அதனால் பல குழுக்களில் கோல்கீப்பரிடம் காசு வாங்க மாட்டார்கள்.

கனடாவில் இந்த ஆட்டத்திற்கு 'ஷின்னி' என்று பெயர். அணி பிரிக்கும் முறைதான் அழகு. எல்லாரும் தத்தம் மட்டையை நடுவில் போட்டுவிடுவார்கள். ஒருவர் பார்க்காமல் எடுத்து ஒன்றை இந்தப் பக்கம், ஒன்றை அந்தப் பக்கம் வீசுவார். உங்கள் மட்டை எங்கே விழுந்ததோ அதுதான் இன்றைக்கு உங்கள் அணி. 'முதலில் யாரைத் தேர்ந்தெடுப்பது' என்ற பேச்சே இல்லை. பள்ளிக்கூடத்தில் எப்போதும் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எனக்கு, இப்படி ஒரு முறை இருப்பது முப்பது வயதைத் தாண்டித்தான் தெரிய வருகிறது.

ஷுல்ஸ் இன்னொன்றும் செய்தார். 1975இல் மூத்தோருக்கென்றே ஸ்னூப்பி பெயரில் ஒரு ஹாக்கிப் போட்டி தொடங்கினார். கலிஃபோர்னியாவின் ஜூலை மாத வெயிலில், உள்ளே பனியில் ஆட்டம். நாற்பது வயதுக்காரர்களில் தொடங்கி, எழுபதைத் தாண்டியவர்கள் வரை வயதுவாரியாகப் பிரிவுகள். எழுபது வயதுக்காரர் எழுபது வயதுக்காரரோடு மோதலாம். 'உனக்கு வயசாயிடுச்சு, நீ ஓரமா உட்காரு' என்று யாரும் சொல்ல முடியாதபடி விதியையே மாற்றிவிட்டார்கள். 1981இல் ஷுல்ஸுக்கு இருதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு கோடு போடும்போது கை நடுங்கத் தொடங்கியது. 'பீநட்ஸ்' கார்ட்டூனில் கோடுகள் லேசாக அலைவதைப் பிற்காலப் படங்களில் பார்க்கலாம். அவர் வரைவதையும் விடவில்லை, பனித்தளத்தையும் விடவில்லை. எழுபதைத் தாண்டியும் ஆடினார்.

(இதைப் படித்துவிட்டு இன்றே மட்டையைத் தேடும் ஐம்பது வயது அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை: வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஒரே நாளில் வேகமாக ஆடுவது இருதயத்திற்குப் பெரிய சுமை. முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஷுல்ஸ் வாரம் தவறாமல் ஆடியவர்.)

அந்த 1975தான் என்னை நிறுத்தியது. எங்கள் வீட்டில் அது சாதாரண ஆண்டு இல்லை. கோலாலம்பூரில் உலகக் கிண்ண ஹாக்கி நடந்த ஆண்டு. அரையிறுதியில் மலேசியா இந்தியாவிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றது. அப்போது அப்பாவுக்கு இருபது வயது. அந்தத் தோல்வியை அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் பல்லாண்டுகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் மாமாக் கடையில் தே தாரிக் குடித்தபடி மீண்டும் ஆடி, ஒவ்வொரு முறையும் ஜெயித்தார்கள்.

கிள்ளானில் ஒரு பள்ளித் திடலில்தான் அவர்களுடைய ஆட்டம். சனிக்கிழமை ஐந்தரை மணி. ஆசிரியர், துறைமுகத் தொழிலாளி, குமாஸ்தா, லாரி முதலாளி எல்லாரும் உண்டு. சிறுமியாக நான் தண்ணீர்ப் புட்டிகளுக்குக் காவல் இருந்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் அப்பாவுக்கு மூட்டு போய்விட்டது. 'பரவாயில்லடா, நீ நடுவராயிரு' என்று ஊதலைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு வாரம் போனார். மூன்றாவது வாரம் தலைவலி என்றார். அடுத்தடுத்து ஒருவருக்கு முதுகு, ஒருவருக்கு சர்க்கரை, ஒருவர் மகளோடு ஜொகூர் போய்விட்டார். ஆட்டத்தை நிறுத்துவது என்று யாரும் முடிவு செய்யவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள், அவ்வளவுதான்.

மிஞ்சியது புலனக் குழு. தினமும் காலையில் ரோஜாப்பூவும் 'இனிய காலை வணக்கமும்' வரும். யாரும் பேச மாட்டார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா இதே நாளிதழின் மரண அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்திருக்கவில்லை. அவர்களுடைய கோல்கீப்பர். நான் 'கோலி மாமா' என்று கூப்பிடுவேன். தகனம் முடிந்துவிட்டது. வந்திருந்தது கருமக்கிரியை அறிவிப்பு.

"மூணு வாரம் ஆஸ்பத்திரியில இருந்திருக்கான். பத்து நிமிசத் தூரம்தாம்மா" என்றார் அப்பா.

"இடையில போன் பண்ணிப் பேசலையாப்பா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்னன்னு சொல்லிக் கூப்பிடுறது?"

அந்தப் பதிலுக்கு அன்று அர்த்தம் புரியவில்லை. ஷுல்ஸைப் படித்தபோதுதான் புரிந்தது. அப்பாவின் தலைமுறை ஆண்களுக்கு 'உன்னைப் பார்க்கணும்போல இருக்கு' என்று சொல்ல வராது. சனிக்கிழமை ஐந்தரை மணி அதை அவர்களுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு இந்தச் சிக்கலே இல்லை. வெள்ளிக்கிழமை கோயில், விளக்கு பூஜைக் குழு. யாராவது ஒரு வாரம் வராவிட்டால் அன்று இரவே தொலைபேசி அடிக்கும்.

அப்பாவின் தலைமுறை மட்டும்தானா? என் கணவரும் சக ஊழியர்களும் வாரம் ஒரு முறை ஃபுட்சால் ஆடிக்கொண்டிருந்தார்கள். தளத்தின் வாடகையைப் பிரித்தால் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு வெள்ளி. எங்களுக்குப் பிள்ளை பிறந்த பிறகு ஒரு நாள், "இருக்கிறதே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுக்கும் போகணுமா?" என்று கேட்டவள் நான்தான். அவர் சண்டை போடவில்லை. போவதை நிறுத்திவிட்டார். நான் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிள்ளையைத் தனியாகப் பார்த்துக்கொள்வது என்ன பாடு என்பது தாய்மார்களுக்குத் தெரியும். ஆனால் 'வேறு கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்களேன்' என்று சொல்லியிருக்கலாம். அந்த ஃபுட்சால் காலணி இன்னும் கார் பூட்டில் கிடக்கிறது.

வானொலியில் ஷுல்ஸ் கதையைச் சொன்ன அன்று அப்பா வீட்டில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சாயங்காலம் போனபோது, "எழுபது வயசுக்கு மேலயா ஆடுனாரு? பனியிலயா?" என்று இரண்டு தடவை கேட்டார். பைபாஸ் செய்த பிறகுதான் என்றேன். அதற்கு மேல் பேச்சில்லை.

மறுநாள் புலனக் குழுவில் ரோஜாப்பூவுக்குக் கீழே ஒரு வரி போட்டிருக்கிறார்: 'சனிக்கிழமை 5.30. ஓட வேண்டாம். நடந்து ஆடலாம்.' ஒரு மணி நேரம் பதிலே இல்லையாம். பிறகு ஒரு கட்டைவிரல். அப்புறம் இன்னொன்று.

நான்கு பேர் வந்தார்கள். திடலுக்கு இப்போது வேலி போட்டுவிட்டார்கள். காவலாளியிடம் சொல்லி, பக்கத்தில் இருக்கும் கூடைப்பந்துத் தளத்தில் இடம் வாங்கினார்கள். ஹாக்கிப் பந்து பட்டால் எலும்பு தாங்காது என்று டென்னிஸ் பந்து. யாரும் ஓடக் கூடாது. ஓடினால் பந்து எதிரணிக்கு. அணி பிரிக்க அப்பா மட்டைகளைத் தரையில் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வீசினார். இது என்னடா புதுப் பழக்கம் என்று கேட்டவரிடம், "ஸ்னூப்பி ஊர்ல இப்படித்தான்" என்றார். அது கனடா வழக்கம் என்று நான் திருத்தவில்லை.

இருபது நிமிடம்தான் ஆடினார்கள். அதன்பிறகு மழை. மாமாக் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார் அப்பா. மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, மட்டைக்குப் புதிய பிடிநாடா வாங்க வேண்டும், எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

இந்த வாரமும் உண்டாம். ஜொகூரில் இருப்பவர் மாதம் ஒரு முறை வரப் பார்க்கிறாராம். கோல் என்று இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஜோடிச் செருப்பை வைத்துக்கொள்கிறார்கள். கோல்கீப்பர் வேண்டாம் என்று பேசி முடித்துவிட்டார்கள்.