புள்ளி வைக்கும் கை யாருடையது?

கடந்த மே மாத விடுமுறையில் பென்னாகரம் வட்டத்தில் ஒரு காலனியின் சமுதாயக் கூடத்தில் பத்து நாள் நாடகப் பயிற்சி நடத்தினோம். பதினெட்டுப் பேர் வந்தார்கள். பெரும்பாலும் பிளஸ் டூ முடித்தவர்கள், கல்லூரி முதலாண்டு மாணவ மாணவியர். பெங்களூரு கட்டட வேலையிலிருந்து திருவிழாவுக்கு ஊர் வந்திருந்த இரண்டு இளைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். எழுதி வைத்த நாடகம் எதுவும் எங்களிடம் இல்லை. பேசிப் பேசி, நடித்துப் பார்த்து, எல்லோருமாக ஒரு நாடகத்தை உருவாக்குவது என்பதுதான் திட்டம்.

மூன்றாம் நாள், பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு கூத்து வாத்தியாரை அழைத்திருந்தோம். வாழ்நாளில் பாதிக்கு மேல் கோமாளி வேடம் கட்டியவர். தகரப் பெட்டியைத் திறந்து முத்துவெள்ளை, செந்தூரம், கண்மை, தேங்காய் எண்ணெய் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். ஒரு மாணவனை உட்கார வைத்து முகம் முழுக்க வெள்ளை பூசினார். பிறகு ஈர்க்குச்சியைச் சிவப்பில் தோய்த்துக் கன்னத்தருகே கொண்டு போனார். பையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாத்தியாரே, புள்ளி மட்டும் வேணாம்."

"ஏஞ் சாமி?"

"எங்க பெரிய தாத்தாவுக்கு இப்படித்தான் புள்ளி வெச்சு ஊரச் சுத்த வெச்சாங்களாம். ஆயா சொல்லிச் சொல்லி அழும்."

கூடத்தில் யாரும் பேசவில்லை. வாத்தியார் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்குப் பயிற்சி அதோடு நின்றது. ஆனால், எங்கள் நாடகம் அங்கேதான் தொடங்கியது.

சட்டத்தில் இருக்கும் சாயம்

கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவது என்பது இன்று பலருக்கு ஒரு சொலவடை. திரைப்படத்தில் வந்தால் சிரித்துவிட்டுப் போகிற காட்சி. நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் அது தண்டனை. ஊர்க் கட்டுப்பாட்டை மீறினான், எதிர்த்துப் பேசினான், செருப்புப் போட்டு நடந்தான் என்று ஏதாவது ஒரு காரணம் போதும். ஒருவனின் முகத்தை அவனிடமிருந்து பிடுங்கி, ஊர் பார்த்துச் சிரிக்கும் பொருளாக மாற்றுவதுதான் அந்தத் தண்டனையின் உள்நோக்கம்.

இது கதை இல்லை என்பதற்குச் சட்டமே சாட்சி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டபோதே, சாயம் பூசிய முகத்தோடோ உடலோடோ ஒருவரை ஊர்வலம் விடுவது குற்றம் என்று அதன் மூன்றாவது பிரிவில் எழுதப்பட்டது. திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், வலுக்கட்டாயமாக ஆடையைக் களைவது, தலையை மழிப்பது, மீசையை எடுப்பது, முகத்திலோ உடலிலோ சாயம் பூசுவது ஆகியவற்றை வரிசையாகச் சொல்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் 'முகத்தில் சாயம் பூசுதல்' என்று எழுத வேண்டியிருந்தது என்றால், அது நடந்துகொண்டிருந்தது என்றுதானே பொருள்?

மறுநாள் காலையில் அந்தப் பிரிவைச் சத்தமாக வாசித்துக் காட்டினோம். "இதுக்கெல்லாம் சட்டமே இருக்குதா?" என்றாள் ஒரு மாணவி. இருக்கிறது என்று தெரிந்தவுடனே பிள்ளைகளின் உட்காரும் விதமே மாறியதைப் பார்த்தோம்.

கட்டியங்காரனின் உரிமை

சரி, முகத்தில் புள்ளி வைத்துக்கொண்டு வரும் இன்னொருவனையும் நமக்குத் தெரியும். அவன்தான் கூத்தின் கட்டியங்காரன். நம் பக்கத்தில் கோமாளி என்றும் சொல்வோம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மகாபாரதத் திருவிழா நடக்கும் ஊர்களில் கூத்து பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவு முழுக்கக் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். அரச வேடங்களுக்குக் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று மரத்தில் செய்த கட்டைகள் உண்டு. கோமாளிக்கு அந்தப் பாரம் எதுவும் கிடையாது. ஒரு குல்லா, கிழிந்த சட்டை, முகத்தில் சில புள்ளிகள், அவ்வளவுதான். அரசன் செந்தமிழில் பாடுவான், கோமாளி நம் வீட்டுப் பேச்சில் பேசுவான். அரசனைப் பார்த்து "நீ யாரு?" என்று முதலில் கேட்பவனும் அவன்தான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் துரியோதனனே சபைக்குள் வர வேண்டும்.

வாத்தியார் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், தப்பாகக் காதில் வாங்குவது. மாதம் மும்மாரி பொழிகிறதா என்று ராஜா கேட்கிறார். கோமாளி சொல்கிறான்: "மும்மாரி இல்லீங்க மகராசா, மூணு லாரி. அதுவும் தண்ணி லாரி. காலனிப் பக்கம் அதுவும் வரலீங்க." கூடமே குலுங்கிச் சிரித்தது. மனு எழுதிக் கொடுத்துப் பல மாதம் காத்திருக்கும் விஷயத்தை, ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டு அவன் அரை நிமிடத்தில் சபையில் போட்டு உடைத்துவிடுகிறான். அவன் முட்டாள் என்று எல்லோரும் நினைப்பதால் யாரும் அவன்மேல் கோபப்படவும் முடியாது.

ஆனால் கூத்தை அப்படியே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் நம்மால் முடியாது. திரௌபதி அம்மன் கோயில்களை ஒட்டித்தான் இந்தக் கலை வளர்ந்தது. அதே திரௌபதி அம்மனுக்கு விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் இருக்கும் கோயிலுக்குள் போனதற்காக 2023 ஏப்ரலில் தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7ஆம் தேதி கோயிலுக்குச் சீல் வைக்கப்பட்டது. பாஞ்சாலியின் மானத்துக்காக விடிய விடியக் கண்ணீர் விடும் ஊர்கள், சேரிக்காரர் வாசற்படி ஏறினால் மட்டும் மானம் போனதாக நினைக்கின்றன. கூத்தின் சிரிப்பிலும் சாதி இருக்கிறது. பெண்களையும் வண்ணாரையும் நாவிதரையும் மட்டம் தட்டும் நகைச்சுவைகள் இன்றும் மேடையில் ஓடுகின்றன. வாத்தியாரிடம் இதைக் கேட்டோம். "அத விட்டா சிரிக்க மாட்டாங்கன்னு பயந்துட்டோம், சாமி" என்றார். ஒளிக்காமல் சொன்னதற்காக அவர்மீது எங்களுக்கு மரியாதை கூடியது.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். முதலிரண்டு நாட்களில் 'காமெடி செய்து காட்டுங்கள்' என்றபோது அவர்கள் செய்ததெல்லாம் குடிகாரன், திக்கு வாய்க்காரன், குண்டுப் பெண், கறுப்பு முகம் இவைதான். முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு வந்து நின்றாலே சிரிப்பு வரும் என்று ஒரு மாணவன் நம்பினான். அவன் நிறமும் கறுப்புதான். திரைப்படமும் தொலைக்காட்சியும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அது. தன்னையே கேலி செய்துகொண்டால்தான் சபையில் நமக்கு இடம் என்று நம் பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இது நடந்தது. 1830களில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசி, ஜிம் குரோ என்ற பெயரில் கறுப்பு மனிதனைக் கேலிப்பொருளாக ஆடிக் காட்டினார். பின்னாளில் கறுப்பின மக்களைப் பள்ளியிலும் பேருந்திலும் ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கு அந்தக் கோமாளியின் பெயரே நிலைத்துவிட்டது. பெர்ட் வில்லியம்ஸ் என்ற பெரும் கலைஞர் கறுப்பினத்தவர். அவரும் தன் முகத்தின்மேல் இன்னொரு கறுப்பைப் பூசிக்கொண்டுதான் மேடை ஏற வேண்டியிருந்தது. மேடையில் பழகிய சிரிப்பு தெருவில் ஒதுக்கலாக வந்து நிற்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து நகை பிறக்கும் என்கிறது. இதற்கு உரை எழுதிய பேராசிரியர், எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது மற்றொன்று. தமிழ் படிக்கும் மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் இந்த இடத்தை, சாதியை வைத்து ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். நாம் இத்தனை காலம் இரண்டாவது சிரிப்பையே சிரித்து வந்திருக்கிறோம். அவமானத்தை மறைக்கும் சிரிப்பு அது. ஆண்டையைப் பார்த்துச் சிரிக்கும் முதல் சிரிப்பை வீட்டுக்குள் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தோம்.

எழுந்து உட்கார்ந்த பிணம்

எங்கள் நாடகத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம் சுடுகாட்டுப் பாதை. அந்த ஊரில் காலனிப் பிணம் போக வழி இல்லை. வயல் வரப்பில்தான் தூக்கிப் போக வேண்டும். நடவு நேரத்தில் அதுவும் இல்லை. முதலில் எல்லோரும் அழுகிற காட்சியாகவே யோசித்தார்கள். புள்ளி வேண்டாம் என்ற அந்தப் பையன்தான் ஏழாம் நாள் ஒன்று சொன்னான்: "பொணம் எந்திரிச்சுப் பேசுனா என்ன?"

அப்படித்தான் பிணமே கோமாளி ஆனது. பாடையில் கிடக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேசுகிறார்கள். பேச்சு நீள்கிறது. பிணம் எழுந்து உட்கார்ந்து, "எவ்ளோ நேரந்தான் படுத்திருக்கறது? முதுகு வலிக்குதுங்க சாமி" என்கிறது. நெற்றிக் காசை எடுத்துக் கொடுத்து, "வழிக்கு வாடகை வேணும்னா இத வெச்சுக்கோங்க" என்கிறது. வரப்பில் தானே நடந்து காட்டி, வழுக்கி விழுந்து, "இன்னொரு தடவ சாவறதுக்குள்ள பாதை வந்துருமா?" என்று கேட்கிறது.

ஒப்பனை நாளில் வாத்தியார் வெள்ளை பூசி முடித்து ஈர்க்குச்சியை எடுத்தார். பையன் கை நீட்டினான். "குடுங்க வாத்தியாரே, நானே வெச்சிக்கறேன்." கண்ணாடியைப் பார்த்து ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டான். நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை.

இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது அவ்வளவுதான். அதே வெள்ளை, அதே சிவப்பு, அதே புள்ளி. பிறர் பிடித்து உட்கார வைத்து இட்டால் வன்கொடுமை. நாமே இட்டுக்கொண்டு சபையில் நின்றால் கலை.

இந்த மாவட்டத்தில் சிரிப்பைப் பற்றிப் பேசுவதற்கும் துணிச்சல் வேண்டும். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிந்தபோது எங்கள் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சிறு குழந்தைகளாக இருந்தவர்கள். இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளின் சாம்பலை வைத்து யாரும் நகைச்சுவை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால், வீட்டைக் கொளுத்திவிட்டு அதைப் பெருமை என்று மார்தட்டும் சாதியின் வீறாப்பு இருக்கிறதே, அதைப் பார்த்துச் சிரிக்கலாம். நம்மீது கைவைக்கத் தூண்டும் அந்தப் பெருமைக்குச் சிரிப்பைத் தாங்கும் பலம் கிடையாது. தமிழின் முதல் தலித் நாடகம் என்று பலரும் குறிப்பிடும் 'பலி ஆடுகள்' நாடகத்தைத் தந்த கே.ஏ. குணசேகரன், பாட்டையும் ஆட்டத்தையும் சேரியிலிருந்தே எடுத்து மேடைக்குக் கொண்டுவந்தார். 2016 ஜனவரியில் அவர் மறைந்தார். அவர் எடுத்த இடத்திலிருந்து நாமும் எடுக்க இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல ஏற்பாடு. அதில் நகைச்சுவை நாடகம் என்ற பெயரில் தூய்மைப் பணியாளரையும் கறுப்பு நிறத்தையும் ஊனத்தையும் கேலி செய்யும் காட்சிகளை ஒத்திகையிலேயே நிறுத்துங்கள். அந்த இடத்தில் ஒரு கூத்து வாத்தியாரை அழைத்து, கட்டியங்காரன் எப்படிக் கேள்வி கேட்கிறான் என்று சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். அவருக்குப் பேருந்துக் கட்டணம் மட்டும் கொடுத்து அனுப்பாமல் உரிய ஊதியமும் கொடுங்கள்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். ஒப்பனைக்குச் சுவர்ச் சாயமும் தலைமுடிச் சாயமும் வேண்டாம், தோல் புண்ணாகும். பழைய மஞ்சள் அரிதாரம் ஆர்சனிக் கலந்த கனிமம், அதையும் தவிர்த்துவிடுங்கள். வெள்ளை பூசும் முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், கலைக்கவும் அதுவே போதும். அதைவிட முக்கியமானது, வேடம் போடும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தச் சிரிப்பு யார்மேல் விழும்? நம்மைவிட வலுவற்றவர்மேல் விழுமானால் அந்த வேடத்தைக் கலைத்துவிடுங்கள்.

எங்கள் நாடகத்தின் கடைசியில் பிணமாக நடித்தவன் ஒரு துண்டை எடுத்து, சனங்கள் பார்க்க முகத்தைத் துடைத்துக்கொண்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்பான்: "எங்களுக்குப் பாதை எப்போ வரும்?" கோமாளி கேட்டபோது சிரித்தவர்கள், வெறும் முகத்தோடு கேட்டபோது சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்துக்கு அவன் வந்திருந்தான். முகத்தில் வெள்ளை இல்லை, புள்ளி இல்லை. எழுந்து நின்றபோது குரல் நடுங்கியது. ஆனாலும் கேட்டுவிட்டான். எழுத்து மூலம் கொடுங்கள் என்றார்கள். கொடுத்திருக்கிறோம். பாதை இன்னும் வரவில்லை. அடுத்த கிராம சபைக்கும் போவோம்.