ஆமாம் என்றால் இல்லை!

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னிக்குத் தண்ணி வராதாமே?" என்று கேட்கிறாள். "ஆமாம் மாமி" என்கிறீர்கள். அவளும் குடத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். இதில் யாருக்காவது குழப்பம் உண்டா? கிடையாது. இதே சம்பாஷணை இங்கிலீஷில் நடந்தால் என்ன ஆகும் என்பதை வேலூரில் தெரிந்துகொண்டு வந்தேன், நேயர்களே!

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கும் பெண். பி.காம். படித்தவள், கெட்டிக்காரி. ஒருநாள் இங்கிலாந்திலிருந்து டெலிபோன். "சரக்கு இன்னும் கிளம்பவில்லையா?" என்று வாங்குகிறவர் கேட்கிறார். நம் பெண், "யெஸ் சார்" என்றாள். ஆமாம், கிளம்பவில்லை என்று அர்த்தம். அவர் காதிலோ, "கிளம்பிவிட்டது" என்று விழுந்தது! அவர்கள் வழக்கப்படி அங்கே "நோ" என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? பத்து நாள் கழித்து உண்மை வெளிப்பட்டது. கடைகளுக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது. கப்பலில் போக வேண்டிய சரக்கு கம்பெனியின் செலவில் விமானத்தில் பறந்தது. பெண்ணுக்குக் கிடைத்த அர்ச்சனையைச் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து டெலிபோன் மணி அடித்தாலே அவளுக்கு நடுக்கம்.

அவள் இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி வேலூருக்கு வருகிறாள். அங்கே ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் வகுப்பு நடத்துகிறார். நான் போயிருந்த அன்று பெஞ்சின் இந்தப் பக்கம் நாலைந்து பெண்கள். அந்தப் பக்கம்? இரண்டு சீனர்கள்!

ஆச்சரியப்படாதீர்கள். 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டமாகப் பிரிந்த இந்தப் பாலாற்றங்கரைச் சீமை தோலுக்குப் பெயர் போனது. வெள்ளைக்காரன் காலத்தில் பாதி பதனிட்ட தோலாக லண்டனுக்குப் போனது, இன்று ஷூவாகவே போகிறது. ஷூ தைக்கும் வித்தையில் கைதேர்ந்த தைவான் கம்பெனிகளும் இந்தப் பக்கம் வந்துவிட்டன. செய்யாறு சிப்காட்டில் ஃபெங் டே குழுமத்தின் தொழிற்சாலை பல வருஷமாக நடக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஹோங் ஃபூவின் தொழிற்சாலைக்கு 2024-ல் அடிக்கல் நாட்டினார்கள். வருகிற நிபுணர்களுக்குச் சீன பாஷை, நம் பெண்களுக்குத் தமிழோ உருதுவோ. நடுவில் நின்று வேலை வாங்குவது இங்கிலீஷ். இரண்டு பேருக்கும் அது இரவல் நகைதான்!

"யெஸ் கதையைச் சீனர்களிடம் சொன்னேன், சிரிக்கவே இல்லை" என்றார் டீச்சர். "அவர்களும் நம்மைப் போலவேதான் பதில் சொல்கிறார்கள். கேட்டவர் சொன்னது சரி என்றால் 'ஆமாம்'. பிறகு இவளுடைய தப்பு எனக்குத் தப்பாகவே படவில்லை."

இப்படி அவர் சேர்த்து வைத்திருக்கும் ஒற்றுமைகள் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய இருக்கின்றன. நாம் மருந்து சாப்பிடுகிறோம். சீனரும் மருந்து சாப்பிடுகிறார். இங்கிலீஷ்காரர்தான் மருந்தை 'எடுத்துக்' கொள்கிறார்! நாம் விளக்கைப் போடுகிறோம், அவர்கள் விளக்கைத் திறக்கிறார்கள். அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு வேறொரு சொல் என்பது அங்கேயும் உண்டு. 'பிரதர்' என்று மொட்டையாகச் சொன்னால் பெரியவரா சின்னவரா என்று அவர்களும் முழிக்கிறார்கள்.

கஷ்டங்களில் வேற்றுமையும் உண்டு. சீனத்தில் அவன், அவள் இரண்டுக்கும் எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்றுதான். அதனால் பேச்சு வேகத்தில் மானேஜர் 'ஷீ' ஆகிவிடுவார். அவர் மனைவி 'ஹீ' ஆகிவிடுவாள். அந்த பாஷையில் நேற்று, நாளை என்று சொன்னால் போதும், வினைச்சொல் மாறுவதில்லை. சொல்லின் கடைசி மெய்யையும் விழுங்கிவிடுகிறார்கள். 'ஷிப்டு' என்பது 'ஷிப்' என்று கேட்டால், அனுப்பியாகிவிட்டதா, அனுப்பப் போகிறார்களா? நாமோ விழுங்குவதற்குப் பதில் 'ஷூஸு', 'புக்கு' என்று வால் ஒட்டுகிறோம்!

எண்ணிக்கைதான் பெரிய கண்டம். நமக்கு லட்சம், அவர்களுக்குப் பத்தாயிரமே ஒரு படி. அதற்கு 'வான்' என்று பெயர். நம் ஒன்றரை லட்சம் அவர்களுக்குப் பதினைந்து வான். இங்கிலீஷில் இரண்டு பேரும் நூற்றைம்பது ஆயிரம் என்று சொல்லியாக வேண்டும். அவசரத்தில் ஒரு சைபர் தவறினால் பக்கிள் பத்து மடங்கு வந்து இறங்கும்.

கடிதம் எழுதுவதில் நம்மவர்கள் இன்னும் பாட்டனார் காலத்திலேயே இருக்கிறார்கள். 'டூ த நீட்ஃபுல்' என்று முடிக்காவிட்டால் கடிதமே ஆகாது என்று எண்ணம். என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதினால்தானே அவர் செய்வார்? கேள்வி கேட்க நினைத்து 'ஐ ஹாவ் எ டௌட்' என்கிறோம். ஆர்டரையே சந்தேகிக்கிறாளோ என்று எதிராளி பயந்துவிடுகிறார். சீனாவில் பக்கிள் விற்கும் பெண்களோ முன்பின் தெரியாதவரையும் 'டியர்' என்றே அழைக்கிறார்கள். அவர்கள் ஊர்க் கடை வழக்கம் அது. நம் பெண் ஒருத்தியின் செல்போனில் அதைப் பார்த்து மாமியார் இரண்டு நாள் பேசவில்லையாம்!

டீச்சர் கொடுக்கும் வைத்தியம் சின்னது. எதற்கும் ஒற்றை வார்த்தையில் பதில் கூடாது. 'யெஸ்', 'நோ' இரண்டையும் வகுப்பில் தடை செய்துவிட்டார். "சரக்கு கிளம்பவில்லை, வெள்ளிக்கிழமை கிளம்பும்" என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். தேதியை எழுத்தில் எழுத வேண்டும், எண்ணை இரண்டு தடவை சொல்ல வேண்டும். நம் ஆம்பூர்ப் பெண் ஒரு சீனரோடு டெலிபோன் நாடகம் ஆடினாள். "கிளம்பவில்லையா?" என்று அவர் நாலு விதமாக மடக்கினார். நாலு தடவையும் தப்பாமல் முழு வாக்கியம் வந்தது. கை மட்டும் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது.

வகுப்பு முடிந்து புறப்படும்போது இன்னொரு சீனர் டீச்சரிடம் இங்கிலீஷில், "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டார். அங்கேயும் அதுதான் குசலம் விசாரிக்கும் முறையாம்.

"இங்கிலீஷ்காரர் அப்படிக் கேட்கமாட்டாரே, திருத்தவில்லையா?" என்றேன் நான்.

"அதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் காப்பி கலக்க உள்ளே போனார் டீச்சர்.