எல்லை தாண்டினால் சாதி மாறுமா?

ஆந்திரத்தின் தெனாலியைச் சேர்ந்த பழங்குடி வகுப்பினர் ஒருவர், 1977இல் மத்திய அரசின் உர நிறுவனத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட பணியிடத்தில் சேர்ந்தார். செம்பூரில் ஆலை நடத்தும் ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனத்தில் அவருக்குப் பணி. ஒன்பது வயதில் தந்தையுடன் பம்பாய் வந்த மகன் அந்நகரிலேயே படித்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார். மாநகராட்சியும் மாநில அரசும் நடத்தும் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பழங்குடியினர் ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தார். இடம் மறுக்கப்பட்டது. தம்மைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற பழங்குடி மாணவர்களுக்கு இடம் கிடைத்திருக்கத் தமக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டு அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி முதல்வரை எதிர்மனுதாரராகக் கொண்ட அவ்வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 1990 மே 2 அன்று தீர்ப்பளித்தது. அரசியல் சாசனத்தின் 341, 342ஆவது பிரிவுகள் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாகவே வரையறுக்கின்றன. ஒரு மாநிலத்தில் பெற்ற தகுதியை இன்னொரு மாநிலத்துக்கு எடுத்துச்செல்ல முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். 1994இல் மகாராஷ்டிரத்தைப் பற்றிய மற்றொரு வழக்கிலும் இதே நிலை உறுதிசெய்யப்பட்டது. தந்தைக்கு மத்திய அரசின் வேலையைப் பெற்றுத்தந்த அதே சான்றிதழ், மகனுக்கு மாநிலத்தின் கல்லூரிக் கதவைத் திறக்கவில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய இவ்வழக்கை இன்று நினைவுகூர வேண்டிய தேவை தாராவியில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே திருநெல்வேலிச் சீமையிலிருந்து உழைப்பாளி மக்கள் அங்குக் குடியேறினர். தோல் பதனிடும் தொழிலில் உழைத்த அவர்களில் கணிசமானோர் தலித்துகள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற வேண்டுமானால், 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பிருந்தே தங்கள் குடும்பம் அம்மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருந்ததை நிரூபிக்க வேண்டும். குடிசைகள் எரிந்தும் இடிக்கப்பட்டும் மழை வெள்ளத்தில் மூழ்கியும் வந்த ஒரு குடியிருப்பில் அந்த ஆண்டின் காகிதத்தை யாரிடம் தேடுவது? வீட்டுக்கு 2000 ஜனவரி 1, சாதிச் சான்றுக்கு 1950 ஆகஸ்ட் 10 என்று, தாராவியில் உழைப்பவனின் உரிமை ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு தேதியில் தொங்குகிறது.

இதன் விளைவு விசித்திரமானது. தாராவியை ஒட்டியே இருக்கிறது சயான் மருத்துவமனை. அதனுடன் இணைந்தது லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவக் கல்லூரி. அக்கல்லூரியின் இடங்களில் 15 விழுக்காடு அகில இந்தியத் தொகுப்புக்கும் எஞ்சியவை மாநிலத்துக்கும் உரியவை. தந்தையின் பூர்வீக மாநிலச் சான்றை அடிப்படையாகக் கொண்டு அகில இந்தியத் தொகுப்பில் பட்டியல் சாதி மாணவியாகப் போட்டியிடும் ஒரு தாராவிப் பெண், அதே கல்லூரியின் மாநில இடங்களுக்கு வரும்போது பொதுப்பிரிவினர் ஆகிவிடுகிறாள். அவள் பிறந்தது மாநகராட்சியின் மருத்துவமனையில்; படித்தது மாநகராட்சியின் பள்ளியில்; சேர விரும்புவதும் மாநகராட்சியின் கல்லூரியில். சாதி மட்டும் வேறு மாநிலத்தில் கிடக்கிறது.

தமிழ்நாடாவது கைகொடுக்குமா? அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் அங்கு நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கே உரியது. மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் தொடங்கிய பிள்ளைக்கு அது பொருந்தாது.

இப்படி இரண்டு மாநிலங்களுக்கும் நடுவில் நிற்கும் மாணவி நீட் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றால், 'தகுதி இல்லை' என்ற சொல் உடனே வந்துவிடுகிறது. மாட்டுங்காவின் நடுத்தர வர்க்கத் தமிழ்க் குடும்பங்களிலும் அச்சொல் தாராளமாகப் புழங்குகிறது. எனவே தகுதி என்பதன் கணக்கையும் பார்த்துவிடுவது நல்லது. 2024ஆம் ஆண்டு நீட் தேர்வை 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். பொதுப்பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 720க்கு 162. அப்போது நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம். ஓர் இடத்துக்குப் பன்னிரண்டு 'தகுதியாளர்கள்' இருக்கும்போது, தரவரிசையில் பல லட்சம் பேருக்குப் பின்னால் நிற்பவரும் மருத்துவராகலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டொன்றுக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்ட முடிந்தால் போதும். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு கிடையாது. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு உண்டு. முதுநிலைப் படிப்பில் இடங்கள் காலியாகக் கிடந்தபோது, 2023 செப்டம்பரில் தகுதிக்கான சதமானத்தைப் பூஜ்யத்துக்கே இறக்கியது ஒன்றிய அரசு. தகுதி கெட்டுவிடும் என்ற கூக்குரல் அப்போது மாட்டுங்காவில் எழவில்லை.

மதிப்பெண் எதை அளக்கிறது என்பதற்கு 2018ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளும் சாட்சி. அதில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. சிறுத்தை அங்கே 'சீத்தா' ஆகியிருந்தது. தோழர் டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில், தமிழில் எழுதியவர்களுக்கு 196 கருணை மதிப்பெண் வழங்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. வினா பிழையாக இருந்தாலும் மதிப்பெண் குறைந்தது மாணவரின் கணக்கில்தான் எழுதப்பட்டது.

இடம் கிடைத்த பிறகும் ஏளனம் ஓய்வதில்லை. மும்பை நாயர் மருத்துவமனையில் முதுநிலை பயின்ற பழங்குடி மருத்துவர் பாயல் தாட்வி 2019 மே 22 அன்று உயிரிழந்தார். ஒதுக்கீட்டில் வந்தவர் என்று அவர் இழிவுபடுத்தப்பட்டதாகக் குடும்பத்தினர் முறையிட்டனர். மூத்த மருத்துவர்கள் மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. குறைந்த மதிப்பெண்ணோடு பணம் கொடுத்துச் சேர்ந்தவரை எந்த விடுதியிலும் எவரும் அப்படி அழைப்பதில்லை.

1990ஆம் ஆண்டுத் தீர்ப்பின் தர்க்கத்தை எளிதாகத் தள்ளிவிடவும் கூடாது. மகாராஷ்டிரத்தின் 13 விழுக்காடு பட்டியல் சாதி ஒதுக்கீடும் 7 விழுக்காடு பழங்குடி ஒதுக்கீடும் அம்மண்ணின் தலித்துகளும் ஆதிவாசிகளும் போராடிப் பெற்ற பங்கு. பிற மாநிலத்தவருக்கு அதைத் திறந்துவிட்டால், கல்வியில் ஓரளவு முன்னேறிய புலம்பெயர்ந்தோர் உள்ளூரின் ஏழைகளைப் பின்தள்ளலாம் என்ற அச்சம் நியாயமானது. தமிழ்த் தலித்தையும் மராட்டியத் தலித்தையும் ஒரே இடத்துக்காக மோதவிடும் கோரிக்கை இடதுசாரிகளின் கோரிக்கையாக இருக்க முடியாது.

வழி அத்தீர்ப்பிலேயே சுட்டப்பட்டிருக்கிறது. இந்தச் சிக்கலைச் சட்டமியற்றித் தீர்ப்பது குறித்து நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் பரிசீலிக்கலாம் என்றது நீதிமன்றம். ஆட்சிகள் மாறின, சட்டம் வரவில்லை. மகாராஷ்டிரத்தில் பிறந்து பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் அங்கேயே படித்த புலம்பெயர்ந்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு, தற்போதுள்ள ஒதுக்கீட்டில் கைவைக்காமல் கூடுதல் இடங்களை உருவாக்க வேண்டும். அந்த இடங்கள் அரசு, மாநகராட்சிக் கல்லூரிகளில் வர வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் சமூகநீதியின் வரம்புக்குள் கொண்டுவர வேண்டும்.

கோரிக்கை எழுப்புவதோடு கடமை முடிந்துவிடாது. தாராவியிலும் செம்பூரிலும் பணியாற்றும் தோழர்கள், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் உள்ள வீடுகளுக்கு இப்போதே செல்ல வேண்டும். பழைய பள்ளிப் பதிவேடு, ஆலை அடையாள அட்டை, வாடகைச் சீட்டு என்று எது கிடைத்தாலும் சேகரிக்க உதவ வேண்டும். 1950க்கு முந்தைய சான்று உள்ள குடும்பம் அதன் மதிப்பை அறியாமலே இருக்கக்கூடும். சான்று இல்லாத குடும்பங்கள் எத்தனை என்ற கணக்கை எடுத்தால்தான், சட்டம் கேட்டுத் தொடங்கும் போராட்டத்துக்கு ஆட்களும் ஆதாரமும் கிடைக்கும்.